சீரகம் என்று எழுதியிருந்த பெட்டி

காலை ஆறு மணி இருபது நிமிடம். கைபேசியில் முதலில் தெரிந்தது ஆளில்லாத ஒரு நாற்காலி. அதற்கு முன்னால் நீளமான மேசை, மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்தராசு. தராசின் எண் காட்டும் பக்கம் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் பச்சை வெளிச்சம் நாற்காலியின் முதுகுப் பலகையில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு விழுந்திருந்தது.

"அக்கா, எழும்பிட்டீங்களா?" என்று தம்பியின் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"எழும்பாமலா போனை எடுத்தனான்? கமராவைத் திருப்பு, முகத்தைப் பார்ப்பம்."

திருப்பினான். முகம் சவரம் செய்து நாலைந்து நாள் இருக்கும். அவனுடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தான். குளிருக்குத் தொப்பி போட்டிருந்தான்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஒரு தமிழ் நாளிதழில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். முதல் ஆறு வருடம் பிழை திருத்தும் மேசையில், பிறகு உதவி ஆசிரியராக. தம்பி கனடாவில் கல்கரி நகரத்தில் லொறி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருக்கிறான். எனக்கு விடியும்போது அவனுக்கு முதல் நாள் மாலை. அவன் மனைவி இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு கிழமைக்கு இரண்டு தடவை இந்த நேரத்தில் அழைப்பான். பெரும்பாலும் என்ன சமைத்தான் என்பதைத்தான் சொல்வான்.

அன்று அவன் கேட்டது வேறு. அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு மலைப்பக்கம் எல்க் வேட்டைக்குப் புறப்படுகிறான். எந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு போவது என்று நான் சொல்ல வேண்டும்.

எல்க் என்பது மரைமானின் இனம், அதைவிடப் பெரிது. இங்கே தோட்டத்துத் துரைமார் மரையைத்தான் எல்க் என்று சொல்லிச் சுட்டார்கள். இப்போது இங்கே சுட்டால் மறியலில் போடுவார்கள். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கினால் சுடலாம், ஆனால் அவன் கேட்ட பகுதிக்குச் சீட்டுக் குலுக்கலில் விழ வேண்டும். அவனும் மனைவியும் ஆறு வருடம் விண்ணப்பித்தார்கள். விழுந்தது இந்த வருடம்.

கடைத் தோட்டாவைவிடத் தன் துப்பாக்கிக்கு அளந்து தானே செய்த தோட்டா சரியாகப் போகும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர் பலரின் நம்பிக்கை. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிதாக வெடிமருந்து நிரப்பி, வாயில் ஒரு குண்டை வைத்து இறுக்குவார்கள். மருந்தின் அளவுதான் எல்லாம். குறைந்தால் மிருகம் காயத்தோடு ஓடும். மிஞ்சினால் துப்பாக்கி பின்பக்கமாக வெடிக்கும். பின்பக்கத்தில் இருப்பது சுடுகிறவனின் கன்னம். இதை அவன்தான் எனக்கு முன்பொருமுறை விளக்கியிருந்தான்.

அந்த வேலையை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அவன் மேசைக்கு ஒரு பக்கம், அவள் எதிர்ப்பக்கம். தராசு அவளைப் பார்த்து இருக்கும். அவன் சிறு கரண்டியால் மருந்தைத் தட்டத் தட்ட அவள் எண்ணைச் சொல்வாள், பிறகு போதும் என்பாள். அவன் தராசைப் பார்ப்பதே இல்லை. ஒரு டிசம்பர் மாத நத்தார் விடுமுறையில் அவர்கள் அப்படி வேலை செய்வதை வீடியோவில் எனக்குக் காட்டியிருக்கிறார்கள், சத்தம் இல்லாமல். எதையும் எழுதி வைத்ததில்லை. தோட்டாப் பெட்டிகளுக்கு அவள் சமையல் சரக்குகளின் பெயர் வைத்தாள்.

"மூண்டு பெட்டி இருக்கு அக்கா. கொத்தமல்லியில நாலுதான் மிச்சம். வெந்தயம் பழகிறதுக்குப் போட்டது, அது வேட்டைக்குச் சரிவராது. சீரகம் முழுசா இருக்கு, இருபது."

"வேட்டைக்குப் போறியா, ரசம் வைக்கப் போறியா?"

சிரித்தான். "அவதானே பேர் வச்சவ."

"சீரகத்தில எவ்வளவு மருந்து?"

"எனக்குத் தெரியாது. அவவுக்குத்தான் தெரியும்."

தெரியும் என்றான். தெரிந்திருக்கும் என்றோ, தெரிந்தது என்றோ சொல்லவில்லை.

"அளவு தெரியாத ஒண்டைக் கன்னத்தில வச்சு வெடிக்கப் போறியா? கடையில ஒரு பெட்டி வாங்கு."

"கடைத் தோட்டா எனக்கு வேண்டாம். ரெண்டு பேருமாக் காத்திருந்த சீட்டு அக்கா இது. அவ அளந்ததாலதான் சுடுவன். நாலு தோட்டா போதுமா காணாதா எண்டுதான் யோசிக்கிறன். மனசு சீரகத்திலதான் நிக்குது."

அப்போது கீழே கோட்டைக்குப் போகும் ரயில் கடந்தது. இரண்டு விநாடி கழித்து அதே ரயில் தம்பியின் கொட்டகைக்குள் ஓடி எனக்குத் திரும்பிக் கேட்டது. இது வழக்கம். என் வீட்டுச் சத்தம் அவனுடைய ஒலிபெருக்கியில் புகுந்து திரும்பி வரும். காகம்கூட இரண்டு தடவை கத்தும்.

ரயில் போன பிறகு அவன் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தான். அந்த இடைவெளியில், அவன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மிகத் தாழ்ந்த குரல். ஒரு சொல், நிறுத்தம், ஒரு சொல், நிறுத்தம். பிழை திருத்தும் மேசையில் ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க மற்றவர் அச்சைப் பார்ப்பார். தேர்தல் முடிவுகளை வாசிக்கும்போது குரல் இப்படித்தான் போகும். எண்கள்.

"டீவி போட்டிருக்கிறியா?"

"இல்லையே."

"ரேடியோ?"

"கொட்டகையில ஒண்டும் இல்லை. ஏன்?"

நான் ஒன்றுமில்லை என்றேன். பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், நான் பதில் சொல்லும்வரை எதையும் காரில் ஏற்றவேண்டாம் என்றும் சொன்னேன். ஓம், ஏற்றமாட்டன் என்றான். அவனுடைய ஓம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இணைப்பை வெட்டிய பிறகு பக்கத்தில் கிடந்த குறிப்புப் புத்தகத்தில் நேரத்தையும் கேட்டதையும் எழுதினேன். அது பழைய வேலையின் பழக்கம்.

படம் ஏழு மணிக்கு வந்தது. மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள், மூன்றிலும் தாள் துண்டு ஒட்டியிருந்தது. கொத்தமல்லியும் வெந்தயமும் நோட்டுக் கொப்பித் தாளில். சீரகம் மட்டும் சாம்பல் நிறத் தடித்த தாளில். மூன்றும் ஒரே கையெழுத்து, தம்பி மனைவியுடையது. அவள் எழுதும்போது மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சிறு வட்டமாக இருக்கும். தம்பி புள்ளியே வைக்கமாட்டான்.

அவன் புறப்படும் நேரம் எனக்குப் பின்னேரம் நாலரை. அந்தப் பெயர்களுக்கு ஏதும் அர்த்தம் இருந்தால், அது தெரிந்திருக்கக்கூடிய ஆள் உலகத்தில் இனி ஒருத்திதான் இருந்தாள்: தம்பி மனைவியின் அக்கா, கொட்டாஞ்சேனையில். தம்பி அவளைப் பெரியக்கா என்பான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன், எனக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்றாலும். அவள் பங்குக் கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவுகள் பார்க்கிறாள். இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டாள்.

ஒன்றரைக்குப் புறப்பட்டேன். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் போனேன். வெயில் கடுமையாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய தெரு துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. தெருவின் முடிவில், வீடுகளுக்கு மேலே, பாரந்தூக்கிகளின் தலை தெரியும். அன்று ஒன்றும் அசையவில்லை. நான் கதவைத் தட்டியபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. இந்த வீட்டில் கதவு தட்டினால் இன்னும் இப்படித்தான்.

"நான்தான் பெரியக்கா."

"அட, போன் பண்ணிப்போட்டு வந்தா என்ன? நெஞ்சு நிண்டுபோச்சு." கதவு திறந்தது. "வாங்க, வாங்க. வெள்ளவத்தை ஆக்கள் இந்தப் பக்கம் வாறதெண்டா ஒண்டில் செத்தவீடு, இல்லாட்டி ஆருக்கோ பொம்பிளை பார்க்க. இது எது?"

"ரெண்டும் இல்லை. சீரகம் எண்டா என்ன எண்டு கேக்க வந்தனான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

நான் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் முதல் இரண்டு பெட்டிகளைப் பார்த்தபோது முகம் இளகியது. "கனடாவுக்குப் போயும் எங்கட டப்பா புத்தி போகேல்லை பாருங்க," என்றாள். பிறகு மூன்றாவதைப் பார்த்தாள்.

அவள் சொன்னது இது. போர்க்காலத்தில், படையினர் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய வருடங்களில், அவர்கள் வீட்டில் அக்கா தங்கை இருவருக்கும் இளையவனாக ஒரு தம்பி இருந்தான். கிரிக்கட் பைத்தியம். வானொலியைக் கேட்டு ஒவ்வொரு பந்தையும் ஒரு கொப்பியில் எண்ணும் புள்ளியும் வட்டமுமாகக் குறித்து வைப்பான். ஒருநாள் வீட்டைச் சோதித்தவர்கள் அந்தக் கொப்பியைக் கண்டார்கள். புள்ளி என்றால் என்ன, வட்டம் என்றால் என்ன, இந்த எண்கள் யாருக்கு என்று கேட்டார்கள். கொப்பியையும் கொண்டுபோனார்கள், அவனையும் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்து அவன் வந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் எந்த எண்ணையும் தாளில் எழுதவில்லை. பால்காரரின் கணக்குக்கூட வாய்க்கணக்குத்தான்.

அந்தக் காலத்தில்தான் அக்காவும் தங்கையும் சமையலறைத் தட்டில் இருந்த டப்பாக்களுக்குத் தங்களுக்குள் அர்த்தம் வைத்தார்கள். கொத்தமல்லி டப்பாவில் அடையாள அட்டைப் பிரதிகளும் பொலிஸ் பதிவும் இருக்கும்: வந்தவர்களுக்குத் தைரியமாக எடுத்துக் கொடுக்க வேண்டியவை. வெந்தயத்தில் போனாலும் பரவாயில்லாதவை.

"சீரகம்?"

"கதவு தட்டினா அடுப்பில போடவேண்டியது," என்றாள். "அம்மாவுக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும்தான். 'சீரகத்தைப் பார்' எண்டு ஒருத்தி சொன்னா மற்றவ கொளுத்திப்போடுவா. ஒரு தரம் தெரியாம அம்மாட கலியாணப் படத்தையும் கொளுத்திப்போட்டம்."

"தம்பிக்கு இது தெரியுமா?"

"அவருக்கா? அவர் சீரகம் எண்டு பெருஞ்சீரகத்தை வாங்கிக்கொண்டு வாற ஆள்."

அப்படியானால் அந்தப் பெட்டியை வைத்திருக்கக் கூடாது என்றுதான் தம்பி மனைவி எழுதியிருக்கிறாள். ஒருவேளை அளவு பிழைத்த தோட்டாக்களாக இருக்கும், உடைத்துப்போட நேரம் கிடைக்காமல் இறந்துவிட்டாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மணி மூன்று இருபது. அவன் எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பெரியக்கா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

முன்னறையில் திருக்குடும்பப் படத்தின் சட்டத்தில் தம்பி மனைவியின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை செருகியிருந்தது. அதை அச்சுக்குக் கொடுத்தது நான். இந்தத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அச்சகத்தில், பக்கத்தில் நின்று அடிப்பித்தேன். சாம்பல் நிற அட்டை. ஓரத்தில் இரட்டைக் கோடு, வெளியே தடித்தது, உள்ளே மெல்லியது. உள்கோடு எழுத்தோடு முட்டுகிறது என்று சொல்லி, இரண்டு மில்லிமீற்றர் தள்ளிப் போட வைத்தேன். அறுபது பிரதிகளைக் கல்கரிக்கு அனுப்பினேன்.

கைபேசியில் தம்பி அனுப்பிய படத்தைத் திறந்து, சீரகம் என்ற சொல் திரையை நிரப்பும்வரை பெரிதாக்கினேன். தாளின் வலது ஓரத்தில், வெட்டுக்கு உட்புறமாக, ஒரு தடித்த கோடும் ஒரு மெல்லிய கோடும் இருந்தன. கைபேசியை அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன். சாம்பல் நிறம் ஒன்று. கோடுகளுக்கு இடையிலான தூரம் ஒன்று.

அந்தத் தாள் அவள் இறந்து மூன்று கிழமைக்குப் பிறகு அச்சான தாள்.

பெரியக்கா தேத்தண்ணியோடு வந்தாள். நான் இரண்டையும் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"எழுத்து அவளின்டதான்," என்றாள்.

"ஓம்."

"பிறகு எப்பிடி?"

மூன்று ஐம்பதுக்கு அழைத்தோம். கல்கரியில் காலை நாலு இருபது. முதல் அழைப்பிலேயே எடுத்தான். கொட்டகையில்தான் நின்றான், ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை போட்டிருந்தான். பின்னால் அந்த நாற்காலி. தராசின் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. இரவு முழுக்க அணைக்கவில்லை போலிருந்தது.

"பெரியக்காவும் இருக்கிறாவா? என்ன, மாநாடா?"

"சீரகத்தை எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"காரில இருக்கு."

"அதை எப்ப போட்டது?"

அவன் தொப்பியை நெற்றிக்கு இழுத்து விட்டான்.

"தம்பி, அந்தப் பெட்டியில ஒட்டியிருக்கிறது நான் அடிப்பிச்ச கார்ட். அவ இருக்கேக்க அந்தக் கார்ட் இல்லை. எப்ப போட்டது?"

அவன் தொப்பியைக் கழற்றினான். அதை மேசையில் வைத்தான்.

"முப்பத்தொண்டு முடிஞ்சு ஆக்கள் எல்லாம் போனாப் பிறகு," என்றான். "சும்மாதான் வந்து இருந்தனான். அவ சொன்னா. நான் போட்டன்."

"என்ன சொன்னா?"

"நம்பர் அக்கா. வழமையாச் சொல்லுறமாதிரித்தான். நான் தட்டத் தட்ட அவ சொன்னா, போதும் எண்டா, அடுத்ததை எடுத்தன். இருபதும் அப்பிடித்தான். எனக்கு விசர் எண்டு நினைப்பீங்க எண்டுதான் சொல்லேல்லை."

"நீ தராசைப் பார்த்தியா?"

"தராசு அவவின்ட பக்கம்தானே இருக்கு."

"பேர் எழுதினது ஆர்?"

"விடியப் பார்க்கேக்க ஒட்டியிருந்தது. நான்தான் ஒட்டியிருப்பன். வேற ஆர் ஒட்டுறது?"

நான் சீரகத்தின் அர்த்தத்தைச் சொன்னேன். அடுப்பில் போடவேண்டியது என்று. அவன் அதைக் கேட்டுக்கொண்டான், ஆனால் அசையவில்லை. "அது அந்தக் காலத்துக் கதை," என்றான். "அவ என்னோட இருந்து அளந்தது. கெட்டதா அளப்பாவா எனக்கு?" இந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. சுவரில் இருந்த மணிக்கூடு நாலு அடித்தது.

பெரியக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், யோசிச்சுச் சொல்லுங்க. அவள் நம்பரை என்ன பாஷையில சொன்னவள்?"

"என்ன?"

"தமிழிலயா, சிங்களத்திலயா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெரியக்கா என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னாள். தங்கை கலியாணத்துக்கு முன்பு ஏழு வருடம் புறக்கோட்டையில் ஒரு மருந்துச் சரக்குக் கடையில் நிறுவைக்கு நின்றவள். தராசு பார்ப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், கல்லாவில் இருப்பவர் சிட்டையில் எழுத வேண்டும். கல்லாவில் இருந்தவர் சிங்களவர், அதனால் நிறை எல்லாம் சிங்களத்தில்தான். வேறு கணக்கு எதையும் தமிழில் சொல்வாள். தராசுக்கு முன்னால் இருந்தால் மட்டும் அவள் வாயில் தமிழ் எண் வராது. வீட்டில் கேக்குக்கு மா நிறுக்கும்போதும் அப்படித்தான்.

"உங்களுக்குத் தெரியும்தானே தம்பி? எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறீங்க அவளை. நாப்பத்திரண்டை ஹதலிஸ் தெகய், நாப்பத்திமூண்டை ஹதலிஸ் துனய் எண்டு."

திரையில் தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாற்காலியைத்தான் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் எங்களுக்குத் தெரியவில்லை.

நான் கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். காலையில் எழுதியது: 6.31. பெண் குரல். எண்கள். தமிழ். பெரியக்காவிடம் காட்டவில்லை. மூடி வைத்தேன்.

"தமிழிலதான் சொன்னது," என்றான் தம்பி.

அவ சொன்னா என்று சொல்லவில்லை.

"வெளிய வாங்க," என்றாள் பெரியக்கா. "அந்த இடத்தை விட்டு முதல்ல வெளிய வாங்க. லைட்டை நிப்பாட்டவேண்டாம், கதவை மட்டும் சாத்துங்க. வாங்க."

அவன் நடந்தான். கொட்டகைக் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு குளிரில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. சீரகத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பார்ப்பம் என்றான். இறக்கி வை என்றேன். மலைக்குக் கூட வருகிற பட்டறைக் கூட்டாளி வந்துவிட்டார், பிறகு எடுக்கிறேன் என்றான். இணைப்பு அறுந்தது.

அடுத்த மூன்று நாளும் அவனுக்கு அனுப்பிய செய்திகள் போய்ச் சேரவில்லை, ஒற்றைச் சரி அடையாளம்தான் இருந்தது. அவன் போன இடத்தில் சிக்னல் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு மணிக்கொரு தரம் பார்த்தேன். காரில் இரண்டு பெட்டிகளும் இருக்கலாம். நாலு தோட்டா முடிந்தால் கை எதற்குப் போகும் என்று யோசிப்பேன். சனிக்கிழமை பெரியக்கா ஒரு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை அழைத்தாள். இரண்டு தடவையும், "ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருவரும் வேறு எதையும் பேசவில்லை. என் வீட்டில் கடற்பக்க யன்னலை அந்த நாட்களில் சாத்தியே வைத்திருந்தேன். ரயில் கடந்துபோன பிறகு வரும் அமைதியைக் கேட்க விருப்பமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐந்துக்கு அழைப்பு வந்தது. தம்பி காருக்குள் இருந்தான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன, கன்னம் இருந்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"என்ன அக்கா, பேயைக் கண்டமாதிரிப் பார்க்கிறீங்க?"

"கதைக்காதே. நடந்ததைச் சொல்லு."

அவன் சீரகத்தைக் காரிலிருந்து இறக்கியிருக்கவில்லை. ஆனால் முகாமுக்குக் கொண்டுபோகவும் இல்லை. மலையடிவாரத்தில் காரிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கொத்தமல்லியில் ஒன்றைச் சுட்டான். இரண்டாம் நாள் காலை, ஒரு பெட்டை எல்க், ஒரே வெடியில் விழுந்தது. இறைச்சியை வெட்டக் கொடுத்தாயிற்று. திரும்பும் வழியில் ஒரு சிறு ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையைக் கண்டு, சீரகத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தான். பழையது, அளவு தெரியாது, உடைத்துத் தரமுடியுமா என்று கேட்டான்.

கடைக்காரர் வயதானவர். முதல் தோட்டாவின் குண்டைக் கழற்றி, உள்ளிருந்த மருந்தைத் தட்டில் கொட்டி, தராசைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை யார் நிரப்பியது என்று கேட்டார். நான்தான் என்றான் தம்பி. இதில் ஒன்றைச் சுட்டிருந்தாலே போதும், துப்பாக்கியின் பின்பக்கம் உன் முகத்துக்குள் வந்திருக்கும் என்றார். மிச்சத்தைத் தான் பார்க்காமல் வெளியே கொடுக்கமாட்டேன் என்று சொல்லி, தம்பியை ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்கு ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது.

தராசைப் பார்க்காமல் தம்பி போட்ட இருபது தோட்டாவிலும் மருந்து, அளவுக்கு மிஞ்சிய ஒரே நிறை. கடைக்காரர் இரண்டு தராசில் நிறுத்துப் பார்த்தார்.